வீட்டிலோ தோட்டத்திலோ பழைய ரைபிள் கிடைத்தால்: அடையாளம் காண்பது எப்படி, செய்ய வேண்டியது என்ன?

பழைய தோட்ட பங்களாவை இடிக்கும்போது, ஸ்டோர் கட்டடத்தின் கூரையைப் பிரிக்கும்போது, பாட்டன் காலத்து மரப்பெட்டியைத் திறக்கும்போது துருப்பிடித்த நீளமான துப்பாக்கி ஒன்று கண்ணில் படலாம். பார்த்ததும் ஒருவர் "ஜப்பான்காரன் விட்டுப் போனது" என்பார். இன்னொருவர் "அவசரகாலத்தில் தாத்தா தோட்டத்துக்குக் காவல் நின்ற துப்பாக்கி" என்பார். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்று மூன்றாமவர் கணக்குப் போடுவார்.

மூவர் சொல்வதும் தவறாக இருக்க வாய்ப்புண்டு. மூன்றாமவர் கணக்கு சிறைவரை கொண்டுபோய் விடவும் கூடும். ஆகவே முதலில் சட்டத்தையும் பிறகு வரலாற்றையும் பார்ப்போம்.

முதல் வேலை: தொடாதீர்கள்

பழைய துப்பாக்கி என்றால் வெறும் இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது. நூறாண்டு கடந்த தோட்டாவில் உள்ள மருந்து கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் கெட்ட மருந்து வெடிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நெம்புகோலை இழுத்துப் பார்ப்பது, விசையை அழுத்துவது, சுத்தியலால் தட்டித் துருவை உதிர்ப்பது, குழலுக்குள் கம்பி விடுவது எதுவும் வேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசை அழையுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எண் 999.

"நாமே எடுத்துப் போய் நிலையத்தில் கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். வேண்டாம். காரில் துப்பாக்கியோடு போகும் வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டால் விளக்கம் சொல்வது சிரமம். போலீஸ் வந்து எடுப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமோ அனுமதியோ இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருந்தது நிரூபிக்கப்பட்டால் 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டமும் சிறையோடு பிரம்படியைச் சேர்த்தே விதிக்கிறது.

இணையத்தில் பழைய துப்பாக்கி பற்றித் தேடுகிறவர்கள் ஒரு வாக்கியத்தை அடிக்கடி பார்ப்பார்கள்: 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி 'பழம்பொருள்', அதற்கு உரிமம் தேவையில்லை என்று. அது அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள விதி. பிரிட்டனிலும் அலங்காரப் பொருளாக வைத்திருக்கும் பழந்துப்பாக்கிகளுக்குத் தனிச் சலுகை உண்டு. இரண்டும் அந்தந்த நாட்டோடு முடிந்தன. அங்கே சுவரில் மாட்டலாம் என்பதால் ஈப்போவிலோ ஈசூனிலோ மாட்டிவிட முடியாது. வெளிநாட்டு விற்பனையாளர் "இது பழம்பொருள்தான், அனுப்பிவைக்கிறேன்" என்று சொன்னாலும், சுங்கத்தில் பிடிபடுவது வாங்கியவர்தான். மலேசியாவில் அனுமதி பற்றி முடிவு செய்யும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருக்கு உரியது. அவரிடம் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பொருள் என்றால் இன்னொரு சட்டமும் உண்டு. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபு மதிப்புள்ளது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும்.

ஒற்றைத் தோட்டா ரைபிள் என்பது எது?

இன்றைய ரைபிளில் பல தோட்டாக்களை மகசினில் அடுக்கி வைக்கலாம். ஒற்றைத் தோட்டா ரைபிளில் மகசின் கிடையாது. ஒன்றைப் போட்டுச் சுட வேண்டும். காலிக் கூட்டை வெளியே தள்ள வேண்டும். பிறகு அடுத்ததைப் போட வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தில் பின்பக்கம் தோட்டா போடும் இந்த வகை 1866இல் வந்து, 1888இல் மகசினோடு கூடிய லீ-மெட்ஃபோர்ட் ஏற்கப்படும் வரை முதன்மை ஆயுதமாக இருந்தது. இருபத்திரண்டே ஆண்டுகள்தான். ஆனால் அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில்தான் பிரிட்டிஷ் ஆட்சி மலாய் மாநிலங்களுக்குள் நுழைந்தது. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்ததும் அதே காலத்தில்தான்.

'கார்பைன்' என்பது ரைபிளின் குட்டை வடிவம். குதிரை வீரருக்கும் பீரங்கிப் படையினருக்கும் நீளமான துப்பாக்கி இடைஞ்சல் என்பதால் குழலைக் குறுக்கிச் செய்தார்கள். குதிரைப்படை கார்பைனில் பயனெட் மாட்ட வழி இருக்காது. பீரங்கிப்படை கார்பைனில் இருக்கும். கையில் இருப்பது எந்தக் கார்பைன் என்பதைப் பிரித்தறிய இதுதான் எளிய வழி.

முதல் வகை: ஸ்னைடர்

1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கலகத்தைப் பள்ளியில் படித்திருப்போம். கொழுப்புத் தடவிய தோட்டா உறையைப் பல்லால் கடிக்கச் சொன்னதே அதற்கு உடனடிக் காரணமானது. அந்தத் தோட்டாவுக்குரிய துப்பாக்கி 1853ஆம் ஆண்டு என்ஃபீல்ட். அதற்கு மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். பழகிய சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும்.

கிடங்குகளில் இலட்சக்கணக்கில் இருந்த என்ஃபீல்டை வீசிவிடாமல், பின்பக்கத்தை வெட்டி ஒரு கதவு வைத்துக்கொள்ளும் வழியைச் சொன்னவர் அமெரிக்கரான ஜேக்கப் ஸ்னைடர். பிரிட்டன் 1866இல் அதை ஏற்றது. அதே ஆண்டு அவர் இறந்துபோனார். அவர் வழியில் மாற்றிய துப்பாக்கியால் நிமிடத்துக்குப் பத்து முறை சுட முடிந்தது.

அடையாளம் இவை:

- வலப்பக்கம், கட்டைக்கு வெளியே, பெரிய குதிரை தெரியும். சுடுவதற்கு அதைப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும்.
- குழலின் பின்முனையில் பெட்டி மூடி போல வலப்பக்கம் திறக்கும் உலோகக் கட்டை இருக்கும்.
- நீள ரைபிளில் குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் மூன்று; குட்டை ரைபிளில் இரண்டு.
- நீள ரைபிளின் மொத்த நீளம் ஏறக்குறைய 138 செ.மீ.
- குழல் வாய் அகலம். அங்குலக் கணக்கில் 0.577, அதாவது ஏறக்குறைய 14.7 மி.மீ.

முதல் இரண்டு மார்க்குகளின் வகைகள் பழைய என்ஃபீல்டிலிருந்து மாற்றியவை. மார்க் 3 புதிதாகவே செய்தது. அதில் கதவைப் பூட்டும் தாழ் ஒன்று கூடுதலாக இருக்கும்.

இரண்டாம் வகை: மார்ட்டினி-ஹென்றி

1871இல் ஏற்கப்பட்ட இது, மாற்றிச் செய்த துப்பாக்கி அல்ல, முழுக்கப் புதியது. இயங்கும் பகுதி சுவிட்சர்லாந்தில் தொழில் செய்த ஃபிரெடரிக் வான் மார்ட்டினி அமைத்தது. அதற்கு மூலம் அமெரிக்கரான பீபாடியின் அமைப்பு. குழலுக்குள் உள்ள ஏழு சுழல் பள்ளங்களும் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றியின் கணக்கு. இருவர் பெயரும் சேர்ந்தே துப்பாக்கியின் பெயரானது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம்:

- வெளியே குதிரை கிடையாது. எல்லாம் உலோகப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும்.
- விசைக் காப்புக்குப் பின்னால், கைப்பிடியின் அடியில் நீண்ட நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே இழுத்தால் உள்ளே உள்ள கட்டையின் முன்முனை இறங்கி வழிவிடும்.
- பெட்டியின் வலப்பக்கம் கண்ணீர்த்துளி வடிவில் சிறு முள் இருக்கும். துப்பாக்கி சுடத் தயாரா இல்லையா என்பதை அது காட்டும்.
- ரைபிளின் நீளம் ஏறக்குறைய 125 செ.மீ.; கார்பைன் 95 செ.மீ. அளவில் இருக்கும்.
- குழல் வாய் 0.450 அங்குலம், அதாவது ஏறக்குறைய 11.4 மி.மீ.

நெம்புகோலின் நீளமும் ஒரு சாட்சி. இதன் தோட்டாக் கூடு முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறி, கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூடான் பாலைவனச் சண்டைகளில் இந்தப் புகார் பெரிதாக எழுந்தது. பிறகு வந்த மார்க் 4இல் நெம்புகோலை நீட்டினார்கள்; சிக்கிய கூட்டை இழுக்க அது கூடுதல் பலம் தந்தது. நெம்புகோல் நீளமாக இருந்தால் அது பிந்திய மார்க் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. அடியில் நெம்புகோல் உள்ளதெல்லாம் மார்ட்டினி-ஹென்றி அல்ல. அதே அமைப்பில் 0.303 அங்குலக் குழல் மாட்டிய மார்ட்டினி-என்ஃபீல்ட் உண்டு. மாணவர் படைக்குச் செய்த சிறு ரைபிளும் உண்டு. கிரீனர் நிறுவனம் இதே அமைப்பில் வேட்டைத் துப்பாக்கியும் செய்தது. அதன் குழலுக்குள் சுழல் பள்ளம் இருக்காது, வழவழப்பாக இருக்கும்.

அப்படியானால் ஜப்பான்காரன் துப்பாக்கி?

1941இல் மலாயாவுக்குள் வந்த ஜப்பானியப் படையின் அரிசாக்கா ரைபிளில் பக்கவாட்டுக் கைப்பிடியுள்ள போல்ட் இருக்கும்; ஐந்து தோட்டா கொள்ளும் மகசின் இருக்கும். குழலின் பின்முனைக்கு மேலே 16 இதழ் கொண்ட செவ்வந்திப்பூ முத்திரை இருக்கும், அல்லது அதைத் தேய்த்து அழித்த தடம் இருக்கும். நெம்புகோல் உள்ள துப்பாக்கியைக் காட்டி ஜப்பானியருடையது என்றால் கதை பொருந்தாது.

அண்டை நாடுகளிலிருந்து வந்தவையும் இருக்கலாம். 1873இல் தொடங்கிய ஆச்சே போர்க்காலத்தில் டச்சுக்காரர்களிடம் இருந்தது 1871ஆம் ஆண்டு போமோன்ட் ஒற்றைத் தோட்டா ரைபிள். அதன் போல்ட் கைப்பிடி பருமனாக இருக்கும். காரணம், சுருள்வில்லுக்குப் பதில் வளைந்த தகட்டுவில்லை அந்தக் கைப்பிடிக்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். பிலிப்பீன்சில் ஸ்பானியரிடம் ரெமிங்டன் இருந்தது. அதில் குதிரைக்கு முன்னால் உள்ள கட்டை பின்பக்கம் உருண்டு திறக்கும்.

முத்திரைகளைப் படிப்பது எப்படி?

துப்பாக்கியின் பிறப்புப் பத்திரம் அதன் மேலேயே அடித்திருக்கும். ஸ்னைடரில் வலப்பக்கக் குதிரைக்கு அருகிலுள்ள தகட்டைப் பாருங்கள். மார்ட்டினியில் உலோகப் பெட்டியின் வலப்பக்கத்தைப் பாருங்கள்.

மேலே கிரீடம். அதன் கீழ் ஆங்கிலத்தில் வி.ஆர். என்ற எழுத்துகள், விக்டோரியா ராணியைக் குறிப்பவை. அடுத்து செய்த இடம். என்ஃபீல்ட் என்றால் அரசுத் தொழிற்சாலை, பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம், எல்.எஸ்.ஏ. என்றால் லண்டன். பிறகு ஆண்டு. அதற்கும் கீழே ரோமன் எண்ணில் மார்க். ஐ.சி. என்ற எழுத்து இருந்தால் கார்பைன், ஏ.சி. என்றால் பீரங்கிப்படை கார்பைன்.

அம்புக்குறி போன்ற மூன்று கோட்டு முத்திரை பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். அதனோடு ஆங்கில 'ஐ' எழுத்து சேர்ந்திருந்தால் இந்திய அரசின் கிடங்குக்குப் போனது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசு அதைச் சேவையிலிருந்து கழித்து விற்றுவிட்டது என்று பொருள். டி.பி. என்றிருந்தால் பயிற்சிக்கு மட்டும், சுடுவதற்கு உகந்ததல்ல.

இங்கே இரண்டு ஆண்டுக் குழப்பங்களை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது: ஸ்னைடரில் 1862 என்றிருந்தால் போலி என்று முடிவு கட்டக்கூடாது. ஸ்னைடர் வந்தது 1866இல்தான். ஆனால் தகடு பழைய என்ஃபீல்டுக்குரியது. மாற்றியபோது தகட்டை அப்படியே விட்டார்கள்.

இரண்டாவது: வி.ஆர். என்று அடித்து 1904 என்று ஆண்டு இருந்தால் ஐயமே வேண்டாம், அது போலி. விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

இப்படிப்பட்ட போலிகள் பெரும்பாலும் பாகிஸ்தானில் பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையே உள்ள தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையால் செய்தவை. செய்தவருக்கு ஆங்கிலம் தெரியாததால் என்ஃபீல்ட் என்ற பெயரில் எழுத்து இடம் மாறியிருக்கும். 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். கிரீடம் கோணலாக இருக்கும். கைவேலை என்ற முறையில் அவற்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி என்ற பெயரில் விலை கேட்டால் அது ஏமாற்று.

நம் ஊர் வரலாற்றில் இவை எங்கே?

பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான பெர்ச், 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அடுத்து நடந்த போருக்கு இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்தன. அதே டிசம்பர் 20ஆம் தேதி நெகிரி செம்பிலானின் புக்கிட் பூத்துஸில் நடந்த மோதலுக்காகக் கூர்க்கா படையின் கேப்டன் சானருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. இன்று சிரம்பானிலிருந்து கோல பிலாவுக்குப் போகும் வழியில் உள்ள அதே புக்கிட் பூத்துஸ்தான்.

அதற்கும் முன்பு, 1873இல் கேப்டன் ஸ்பீடி லாருட் சண்டைக்காக இந்தியாவுக்குப் போய்ச் சிப்பாய்களைத் திரட்டி வந்தார். அவர்களே பேராக் ஆயுதப் போலீசாகி, பிறகு பேராக் சீக்கியர் படையாகி, 1896இல் தைப்பிங்கைத் தலைமையகமாகக் கொண்ட மலாய் மாநில வழிகாட்டிப் படையானார்கள். அந்தப் படை 1919இல் கலைக்கப்பட்டது. இதற்கெல்லாம் முந்திய கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் காவல் நின்றவை மதராஸ் காலாட்படைப் பிரிவுகள். அன்று அவர்கள் கையில் இருந்தவை வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிகள்.

இந்தியப் படைகளைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதத்தையே கொடுத்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் மார்ட்டினி ஏந்தியபோது இந்தியச் சிப்பாய் கையில் ஸ்னைடர். அவர் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறியபோது இவருக்கு மார்ட்டினி. கையில் கொடுத்த துப்பாக்கியிலேயே நம்பிக்கையின்மை இருந்தது. ஆகவே துப்பாக்கியின் ஆண்டை வைத்து மட்டும் அது இங்கே புழங்கிய காலத்தைச் சொல்ல முடியாது. 1870இல் செய்தது 1890களிலும் ஒருவர் தோளில் இருந்திருக்கும்.

எங்கே தேடுவது?

பொருள் போலீசிடம் போய்விட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடாது. அவர்கள் எடுத்துச் செல்லும் முன், தொடாமல் நின்ற இடத்திலிருந்தே படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அதிகாரியிடம் கேளுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம், முத்திரைகள், கட்டையின் பின்முனை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் வேண்டும். பின்முனைத் தகட்டில் படைப்பிரிவின் எண் அடித்திருக்கலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பொருளை அழிக்காமல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்புகிறீர்கள் என்றால் அதை எழுத்திலேயே கேளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, 1883இல் தொடங்கிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகம், போர்ட்டிக்சன் ராணுவ அருங்காட்சியகம், கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகம் ஆகியவை இருக்கின்றன. அங்குள்ள மலாய்க் குறிப்புப் பலகைகளில் 'இஸ்திங்கார்' என்றிருந்தால் அது திரி வைத்துச் சுடும் மிகப் பழைய துப்பாக்கி. போர்த்துகீசியர் வழி வந்த சொல். 'செனாப்பாங்' டச்சுக்காரர் வழி வந்தது. பொதுவாக எல்லா நீளத் துப்பாக்கிக்கும் வழங்கும்.

ஏடுகளுக்கு, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் 1800களின் செய்தித்தாள்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஸ்னைடர், மார்ட்டினி என்ற பெயர்களோடு ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் மாநில ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தியப் படைப்பிரிவு எண் கிடைத்தால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்கள் உதவும். துப்பாக்கி வகை பற்றிய ஐயத்துக்கு இங்கிலாந்தின் லீட்சில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். "அவசரகாலத்தில் தாத்தா பிடித்த துப்பாக்கி" என்பது 1948க்குப் பிந்திய கதை. கிடைத்தது மார்ட்டினி என்றால் அது அதற்கு எழுபது ஆண்டு முந்தியது. இரண்டும் பொருந்தவில்லை என்பதால் தாத்தா பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. அவர் பிடித்தது வேறு துப்பாக்கியாக இருக்கலாம். இது துரை பங்களாவில் அதற்கு முன்பே கிடந்ததாக இருக்கலாம். எந்தத் தோட்டம், எந்தத் துரை, எந்த ஆண்டு, யார் கண்டெடுத்தது என்று ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள். துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். அந்தத் தாளை வைத்திருக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.